டெமோவில் குவியும் கிரெடிட்டை நம்பலாமா? நோட்டும் பேனாவும் வைத்துச் சோதிக்கும் முறை

"டெமோவுல நல்லா வருது, காசு போட்டா அள்ளிடலாம்." ஆன்லைன் கேசினோவை முதல்முறை எட்டிப் பார்ப்பவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வருகிற பேச்சு இது. டெமோ என்றால், நிஜப் பணத்துக்குப் பதில் தளமே தரும் பொய்க் காசை, அதாவது கிரெடிட்டை, வைத்து ஆடும் இலவச ஆட்டம். இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு: "டெமோ எல்லாம் பொய், வேணும்னே ஜெயிக்க விடுவான்." இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு. சோதித்துப் பார்த்துத்தான் எந்தப் பாதி எது என்று தெரியும். காசு போகாத இடம் என்பதால், இந்த ஆட்டங்களின் கணக்கைப் புரிந்துகொள்ள டெமோவைவிடத் தோதான இடம் வேறு இல்லை.

ஒரு நோட்டு, பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை. இவ்வளவு போதும். கார்டு நம்பர், யுபிஐ என்று எந்தத் தளமாவது டெமோவுக்கு முன் கேட்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

படி 1: எங்கே ஆடுகிறீர்கள் என்று பாருங்கள்

ஆட்டங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களில் பல, தங்கள் சொந்தத் தளத்திலேயே டெமோ வைத்திருக்கின்றன. அங்கே பணம் கட்டும் வசதியே இருக்காது. இந்தச் சோதனைக்கு அப்படி ஓர் இடம்தான் நல்லது.

டெமோவும் நிஜ ஆட்டமும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் தொழில்நுட்ப விதிகள், இலவச ஆட்டமும் அதன் பண ஆட்டமும் ஒரே விதிப்படி, ஒரே வாய்ப்புக் கணக்கில் இயங்க வேண்டும் என்கின்றன. அங்கே 2019 மே மாதத்திலிருந்து, வயதைச் சரிபார்க்காமல் இலவச ஆட்டத்தைக்கூடத் திறந்துவிட முடியாது. ஆனால் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கனடாவின் லாவல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 117 தளங்களைச் சோதித்தார்கள். அவற்றில் 39 சதவீதம், டெமோவில் போட்டதைவிட அதிகமாகவே திருப்பிக் கொடுத்தன. பணம் கட்டி ஆடியபோது அந்தத் தாராளம் காணாமல் போனது.

ஆகவே "எல்லா டெமோவும் பொய்" என்பதும் தப்பு, "டெமோ அப்படியே நிஜம்" என்பதும் தப்பு. யாருடைய கண்காணிப்பில் அந்தத் தளம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

படி 2: தகவல் பக்கத்தைத் திறந்து ஆர்.டி.பி-யைக் குறித்துக்கொள்ளுங்கள்

திரையின் ஓரத்தில் மூன்று கோடாகவோ கேள்விக்குறியாகவோ ஒரு பட்டன் இருக்கும். உள்ளே போனால் விதிகளுக்கு நடுவே ஆர்.டி.பி (RTP, return to player) என்று ஓர் எண் தெரியும்: வைக்கும் பந்தயத்தில் சராசரியாக எத்தனை சதவீதம் ஆடுபவர்களுக்குத் திரும்புகிறது என்பது. படங்கள் உள்ள ரீல்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் ஆட்டங்களில் பெரும்பாலும் 96 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நோட்டில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

"100 போட்டா 96 திரும்ப வந்துடும், 4 ரூபாய்தானே நஷ்டம்" என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்த 4 சதவீதம் நீங்கள் கொண்டுவந்த பணத்தின் மீது அல்ல, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்தின் மீதும். ஜெயித்ததை மறுபடி போடும்போது அதிலும் வெட்டு விழும். பிரிட்டன் விதிப்படி ஒரு ஸ்லாட் சுற்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 2.5 விநாடி இடைவெளி வேண்டும். அந்த வேகத்தில் நிறுத்தாமல் ஆடினால் ஒரு மணி நேரத்தில் 1,440 சுற்று. சுற்றுக்கு 20 கிரெடிட் என்றால் மொத்தப் பந்தயம் 28,800. அதில் 4 சதவீதம் 1,152. சராசரியாகப் பார்த்தால், 1,000 கிரெடிட்டோடு உட்கார்ந்தவரின் கையிருப்பு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும்.

இன்னொன்று: ஒரே ஆட்டத்தை 96, 94 என்று வெவ்வேறு ஆர்.டி.பி-யில் தயாரித்து, எது வேண்டுமோ அதை நடத்துபவரே தேர்ந்தெடுக்க விடும் நிறுவனங்கள் உண்டு. படம், இசை, பெயர் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். டெமோவில் பார்த்த எண்தான் வேறு தளத்திலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

படி 3: ஸ்லாட்டில் 200 சுற்று ஆடி, ஒவ்வொன்றையும் எழுதுங்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: வைத்தது, வந்தது, மீதி. முதல் 100 சுற்றுக்குப் பந்தயத்தை மாற்றாமல் 20 கிரெடிட்டாகவே வையுங்கள். அடுத்த 100 சுற்றுக்கு மனம்போல மாற்றிக்கொள்ளலாம். தானாகச் சுழலும் ஆட்டோ பட்டனைத் தொடவேண்டாம், எழுத நேரம் கிடைக்காது.

கொஞ்ச நேரத்திலேயே இப்படி ஒன்று நடக்கும். ஒரே படங்கள் சேர வேண்டிய வரிகள் இருபது, வரிக்கு ஒரு கிரெடிட், ஆக 20 வைத்தீர்கள். ரீல்கள் நிற்கின்றன, ஒரு வரியில் மூன்று படம் சேர்கிறது, விளக்குகள் மின்னுகின்றன, காசு கொட்டும் சத்தம் வருகிறது, நடுத்திரையில் "வெற்றி 8" என்று எண் துள்ளுகிறது. நோட்டில் எழுதும்போதுதான் விஷயம் தெரியும்: வைத்தது 20, வந்தது 8, மீதியில் 12 குறைவு. அது வெற்றியே இல்லை, தோல்விக்குப் போட்ட வேஷம். எழுதாமல் ஆடுகிறவர் மனதில் அது வெற்றியாகவே பதியும். "டெமோவுல அடிக்கடி ஜெயிக்குது" என்ற நினைப்பில் பெரும்பங்கு இங்கிருந்துதான் பிறக்கிறது. வைத்ததைவிட அதிகம் வராத சுற்றுக்கு இப்படிக் கொண்டாட்டச் சத்தம் போடக்கூடாது என்று பிரிட்டன் 2021 அக்டோபரில் தடை போட்டது. வேறு பல இடங்களில் அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

200 முடிந்ததும் வந்ததைக் கூட்டி, வைத்ததால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். அநேகமாக 96 வராது. 60-ம் வரலாம், 140-ம் வரலாம். ஆர்.டி.பி என்பது லட்சக்கணக்கான சுற்றுகளின் சராசரி. 200 சுற்றில் 140 வந்தவர் "இந்த ஆட்டம் நல்லா கொடுக்குது" என்பார், 60 வந்தவர் "இது ஏமாத்து" என்பார். இருவரும் ஆடியது ஒரே ஆட்டம்தான். முடிந்தால் இன்னொரு நாள் இதே 200-ஐ மறுபடி ஆடி, இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 4: ரூலெட்டில் "அடுத்து இதுதான்" என்பதைச் சோதியுங்கள்

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பந்தயம் வைப்பது ரூலெட். அதில் ஒற்றைப் பூஜ்யம் உள்ள ஐரோப்பிய வகையை எடுங்கள். 37 எண், அதில் 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சை. 100 சுற்று ஆடி, வந்த நிறத்தை வரிசையாக எழுதுங்கள். ஐந்து, ஆறு முறை தொடர்ந்து ஒரே நிறம் வருவதை அநேகமாகப் பார்த்துவிடுவீர்கள். இனி, ஒரே நிறம் மூன்று முறை தொடர்ந்து வந்த இடங்களை வட்டமிட்டு, அடுத்தது என்ன வந்தது என்று எண்ணுங்கள். நிறம் மாறிய தடவையும் மாறாத தடவையும் ஏறத்தாழச் சமமாக வரும்.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. "இனி சிவப்புதான்" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். ஆன்லைனில் சக்கரத்துக்குப் பதிலாக ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் என்ற நிரல் எண்ணைத் தீர்மானிக்கிறது. அதற்கும் முந்தைய சுற்று நினைவில் இருக்காது. டெமோவில் தோற்றுத் தீர்த்துவிட்டால் நிஜத்தில் அதிர்ஷ்டம் வரும் என்பதும் இதே தப்புதான்.

படி 5: இரட்டிப்பு வைத்துப் பாருங்கள்

தோற்றால் பந்தயத்தை இரண்டு மடங்காக்கும் முறையை யூடியூபில் நிறையப் பேர் டெமோவில்தான் ஆடிக் காட்டுகிறார்கள். 1,000 கிரெடிட்டோடு, சிவப்பின் மேல் 10 வைத்து ஆரம்பியுங்கள். 10, 20, 40, 80, 160, 320. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 630 போயிருக்கும், அடுத்து 640 வைக்க வேண்டும், கையில் இருப்பது 370. இது நடக்க 55-ல் ஒரு வாய்ப்பு. மற்ற 54 தடவையும் ஜெயித்தால் கிடைப்பது தலா 10, ஆக 540. 630-ஐ அது ஈடுகட்டாது.

டெமோவில் இந்த இடத்தில் பக்கத்தை ரீலோட் செய்தால் 1,000 மறுபடி நிரம்பிவிடும். இந்த முறை பலிப்பதுபோலத் தோன்றுவது அந்த ஒரு பட்டனால்தான். ரீலோட் செய்யாமல், "கையிருப்பு தீர்ந்தது" என்று எழுதிச் சோதனையை நிறுத்துங்கள்.

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் மட்டும் டெமோப் பயிற்சிக்கு ஒரு பயன் உண்டு: கையில் எந்தச் சீட்டுகள் வந்தால் என்ன செய்வது என்ற அடிப்படை அட்டவணையை மனப்பாடம் செய்யலாம். அப்போதும் நல்ல விதிகள் உள்ள மேஜையில் கேசினோவின் சாதகம் அரை சதவீதம் அளவுக்குக் குறையுமே தவிர, உங்கள் பக்கம் திரும்பாது. ஸ்லாட்டிலும் ரூலெட்டிலும் பழகிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

படி 6: "வைத்தது" பத்தியைத் திரும்பிப் பாருங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. ஸ்லாட்டின் இரண்டாவது 100-ல் பந்தயத்தை இஷ்டப்படி மாற்றச் சொன்னேன் இல்லையா? அந்த எண்கள் எப்படி ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். 20-ல் தொடங்கியது 50 ஆகி, 100 ஆகி இருக்கக்கூடும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் நினைவுக்கு வராத இடத்தில் கை தாராளமாகத்தான் இருக்கும். விதியும் வாய்ப்பும் அப்படியே ஒத்துப்போகிற நேர்மையான டெமோவிலும் இந்த ஒன்று மட்டும் ஒத்துப்போகாது. தொல்லை என்னவென்றால், அங்கே பழகிய கை பணம் வைக்கும்போதும் அதே தாராளத்தோடு வருகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட சோதனையில், டெமோவில் வேண்டுமென்றே அதிகம் ஜெயிக்க விடப்பட்ட இளைஞர்கள் அதன்பின் பணம் வைத்தபோது கூடுதல் துணிச்சலோடு பெரிய பந்தயம் கட்டினார்கள்.

படி 7: "இலவசம்" என்று வருவதையெல்லாம் டெமோ என்று எண்ணாதீர்கள்

டெமோவை முடிக்கும்போது இலவச போனஸ் என்று ஒரு பெட்டி எழும்பலாம். அது வேறு சரக்கு. 1,000 போனஸ், 35 மடங்கு பந்தய நிபந்தனை என்றால், பணத்தை வெளியே எடுப்பதற்கு முன் 35,000-க்குப் பந்தயம் வைத்தாக வேண்டும். 4 சதவீத வெட்டில் சராசரி இழப்பு 1,400. போனஸைவிட அது அதிகம்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. அதை மீறி உங்களிடம் பணம் வாங்க வரும் தளத்தின் டெமோவை இங்கே எந்த ஆணையமும் சரிபார்க்கவில்லை. படி 1-ல் சொன்ன 39 சதவீதத்தை அங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே பணத்தை இழந்து, விட முடியாமல் தவித்தால், மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.