மங்கும் ரப்பர் இலையும்: நீல அச்சு எடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பொருளின் உருவை வெயிலால் தாளில் பதிக்கும் சயனோடைப் எனப்படும் நீல அச்சை எடுக்க வெயிலுக்குக் குறைவில்லை. காற்றின் ஈரம்தான் பாடாய்ப் படுத்தும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறைக்குக் கேமரா தேவையில்லை என்றாலும், மருந்து பூசிய தாள் நன்கு உலராவிட்டால் நீலம் தாளில் பிடிக்காமல் கழுவும் நீரோடு போய்விடும்.

பச்சை வகை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லிலிட்டர் வாலை வடிநீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லிலிட்டரிலும் கரைத்து, தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கரைசலில் விரைவில் பூஞ்சணம் படரும் என்பதால் சிறிதளவே கரைப்பது நல்லது. கையுறை அணிய வேண்டும். சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது. கடும் அமிலம் பட்டால் ஃபெரிசயனைடிலிருந்து நச்சு வாயு கிளம்பக்கூடும் என்பதால் அமிலத்தை அருகிலேயே வைக்கக் கூடாது.

இரவில், மங்கிய மஞ்சள் விளக்கொளியில் இரண்டையும் சம அளவில் கலந்து, கனமான நீர்வண்ணத் தாளில் மெல்லிய படலமாகப் பூசி, இருட்டில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும்.

தாளின்மேல் எந்தப் பொருளை வைத்து வெயிலில் காட்டுவது என்பதில்தான் ஓவியரின் கண் தெரியும். ஒளி பட்ட இடம் நீலமாகும். மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். ரப்பர் பால் சேரும் கிண்ணமான ‘மங்கு’ என்பதைக் கவிழ்த்து வைத்தால் வெறும் வெள்ளை வட்டம் கிடைக்கும். பார்ப்பவர் அதைத் தேநீர்த் தட்டு என்றே எண்ணுவார். மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பியோடு சேர்த்துச் சாய்த்து வைத்தால்தான் அது மங்கு என்று புலப்படும். ரப்பர் மரம் சீவும் பால் உளியின் வளைந்த முனையும், இடியாப்பத் தட்டின் பிரம்புப் பின்னலும் தெளிவாகப் பதியும். என்னைக் கேட்டால், மும்மூன்றாக விரியும் ரப்பர் இலைக்கு ஈடு எதுவுமில்லை. அதிலும், மட்கி நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு, ஊசியால் கோலமிட்டதுபோல் அத்தனை நுணுக்கமாக விழும். கண்ணாடித் தம்ளரோ ஒளியை வளைத்து, நாம் எதிர்பாராத கோடுகளைத் தாளில் இழுத்துவிடும்.

இலை போன்ற தட்டையானவற்றைக் கண்ணாடித் தகட்டால் அழுத்தி வைக்க வேண்டும். உயரமான பொருளுக்கு நிழல் சாயாத உச்சி வெயிலே ஏற்றது. அது இங்கே கடிகாரத்தில் 12 மணிக்கன்று, ஏறத்தாழ 1.15க்கு வரும். பிற்பகல் மழையை அஞ்சினால் 11 மணிக்கே தொடங்கலாம். பளிச்சென்ற வெயிலில் 5 முதல் 15 நிமிடங்களுக்குள், வெளியே தெரியும் பூச்சு மஞ்சள் பச்சையிலிருந்து நீலமாகி, பின் சாம்பல் பூத்ததுபோல் மங்கும்போது தாளை எடுத்துவிட வேண்டும்.

பின்னர் மஞ்சள் நீங்கும்வரை குழாய் நீரில் அலச வேண்டும். சவர்க்காரம் ஆகவே ஆகாது. நுரை மிச்சமிருந்த வாளியில் முக்கியெடுத்த என் முதல் உளி அச்சு, கண்ணெதிரே வெளிறிப் பழுப்பேறியது. காய்ந்த அச்சின் நீலம் ஒரு நாளில் காற்றுப்பட்டு ஆழமாகும். சுவரில் மாட்டியது நாளடைவில் மங்கினால், சில நாள் அலமாரி இருட்டில் வைத்தெடுக்க, போன நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.