"அடித்தானா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். தர்மபுரத்தில் பஸ் ஏறியதும் டிக்கெட்டைப் படம் எடுத்துக் கணவனுக்கு அனுப்புவாள். பரந்தன் சந்தி வரும்போது அவன் அழைப்பான். கிளிநொச்சியில் வங்கி வாசலில் நிற்கும்போது மறுபடியும் அழைப்பான். அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் அன்று மாலையே அவன் கைக்குப் போய்விடும். அவளுடைய அடையாள அட்டையும் அவனிடம்தான். "ஒரு நாளும் கை நீட்டியதில்லை, அக்கா" என்றாள். நாங்களும் ஆறுதலாகத் தலையாட்டினோம். எங்கள் முதல் தவறு அது.

டிக்கெட் கேட்பதே குற்றமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால், இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று கொள்ளவில்லை. தொடர்ந்து கொடூரமாக நடத்துவதும் கடுமையாக இழிவுபடுத்துவதும் அதில் அடங்கும். வீட்டுக்குள் காலடி கேட்டதும் உங்கள் குரல் தாழ்கிறதா, தாய் வீட்டுக்குப் போக அனுமதி கேட்கிறீர்களா என்று பாருங்கள். அடி பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் வரும்.

"கசிப்புத்தான் அடிக்கிறது, அவர் நல்லவர்" என்று கள்ளச்சாராயத்தின் மேல் பழி போடுவது அடுத்த தவறு. அதே வெறியில் அவர் கிராம அலுவலரை அடிப்பதில்லையே! யாரை அடிக்கலாம் என்பது எந்த வெறியிலும் அவருக்குத் தெரிகிறது.

மருத்துவமனையில் "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால்தான் காயத்துக்குப் பதிவு இருக்கும்; பின்னர் நீதிமன்றத்தில் உதவும். பல அரச மருத்துவமனைகளில் நட்பு நிலையம் என்றொரு பிரிவு இருக்கிறது. அங்கே தனியாக இருந்து பேசலாம்.

பொலிஸில் நம் ஆட்கள் செய்யும் தவறு, சமாதானமாகப் போகிறோம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர் உங்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. இடப்பெயர்வுக்குள் பதிவு இல்லாமலே சேர்ந்து வாழத் தொடங்கியவர்கள் இங்கே பலர். "எழுத்தில்லையே, எனக்கென்ன சட்டம்" என்று அவர்கள் ஒதுங்க வேண்டாம். சேர்ந்து வாழ்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வழக்கறிஞருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சொந்தக்காரருக்கு ஒன்று: "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சேர்த்து வைப்பதைப் புண்ணியமென்று எண்ணாதீர்கள். அவள் சொன்னதை அவனிடம் போய்க் கேட்பது அதைவிடக் கேடு. அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

"நான் போகப் போகிறேன்" என்று சண்டைக்குள் அறிவித்துவிடாதீர்கள். பிரிய எண்ணும் காலமே மிக ஆபத்தானது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உத்தரவுப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை முன்கூட்டியே நம்பிக்கையான வீடொன்றில் வைத்துவிடுங்கள்.

பெண்கள் உதவி இலக்கம் 1938, உடனடி ஆபத்துக்கு 119. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். கணவன் கைபேசியைச் சோதிப்பவன் என்றால், முன்பள்ளி ஆசிரியையின் கைபேசியிலிருந்து பேசுங்கள். அந்தத் தங்கச்சி அப்படித்தான் பேசினாள், பிள்ளையை விடப் போகும் எட்டு மணிக்கு. அந்த நேரத்துக்கு மட்டும் அவன் டிக்கெட் கேட்பதில்லை.