நடுப்பலகையை மறக்காதீர்கள்: முன் சக்கரம் ஒட்டிய பழைய டிராக்டரை ட்ரெய்லரில் ஏற்றுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஷெட்டில் பல வருடமாகக் கிடந்த ஃபார்மால் எச் டிராக்டரை வாங்கி, தோவாளையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேர்கிளம்பி, தக்கலை, நாகர்கோவில் வழி. பயணத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்றுகிற இடத்தில்தான் அரை நாள் போனது, ஒரு பையனின் காலும் போகப் பார்த்தது. இனி யாரும் எங்களைப்போல ஏற்றக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1939 முதல் 1953 வரை செய்த வண்டி. நம் ஊரில் அபூர்வம். முன் சக்கரங்கள் இரண்டும் நடுவில் ஒட்டினாற்போல இருக்கும். முன் சக்கரம் இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவே ஓடும், பின் சக்கரங்கள் அந்த இரண்டு வரிசைக்கும் வெளியே ஓடும். அதற்காகவே இந்த அமைப்பு. ஜான் டியரின் பழைய ஏ, பி மாடல்களும் இப்படித்தான். நாலு சக்கரம் இருந்தாலும் இது நிற்பது ஆட்டோவைப்போல மூன்று புள்ளியில். பின்னால் ஒரு பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தாங்கிப் பிடிக்காது, அப்படியே சாயும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இடம் பார்ப்பது

ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தாமல், ஏதாவது மேட்டுக்கோ திட்டுக்கோ பின்புறத்தைக் கொடுத்து நிறுத்துங்கள். நம் மாவட்டத்தில் மேடுபள்ளத்துக்குப் பஞ்சமில்லை. என் ட்ரெய்லர் தட்டின் உயரம் இரண்டரை அடி. 10 அடிப் பலகை போட்டால் நாலுக்கு ஒன்று ஏற்றம், அது செங்குத்துதான். ஒன்றரை அடித் திட்டு கிடைத்தால் ஏறவேண்டியது ஒரே அடி. டிராக்டர் நிற்கும் திட்டு இடம் வலமாகச் சரியாதபடி மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். சாரல் பெய்த அன்று வேண்டவே வேண்டாம். ஈரப் பலகையும் செம்மண் ஒட்டிய டயரும் சேர்ந்தால் சோப்புதான்.

ட்ரெய்லரை அசையாமல் நிறுத்துவது

ட்ரெய்லரை இழுக்கும் வண்டியில் மாட்டியே ஏற்றவேண்டும். பிரேக் போட்டு, எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். அப்புறம் ட்ரெய்லரின் பின் மூலை இரண்டுக்கும் அடியில் பனந்தடித் துண்டு முட்டுக் கொடுங்கள். டிராக்டர் எடை சுமார் 1,700 கிலோ. அதில் பெரும்பங்கு பின் சக்கரத்தில். அது தட்டின் விளிம்பில் ஏறும்போது ட்ரெய்லர் பின்னால் அமுங்கி, இழுவை வண்டியில் மாட்டிய கொக்கிப் பக்கம் மேலே தூக்கும். இழுவை வண்டியின் பின் சக்கரம் லேசாகிவிட்டால் பிரேக் போட்டும் பயனில்லை. ஹாலோ பிளாக்கோ செங்கலோ வைக்காதீர்கள், சட்டென்று நொறுங்கும்.

பலகைகள்

எங்களைத் தடுக்கிவிட்ட இடம் இதுதான்.

எல்லா டிராக்டருக்கும் செய்வதுபோல இரண்டு பலகைதான் கொண்டுபோயிருந்தோம். போட்டுப் பார்த்தால் நடுவில் முன் சக்கரத்துக்கு ஒன்றுமே இல்லை. ஷெட்டில் கிடந்த ஒரு பலகையை எடுத்து நடுவில் சாய்த்தோம். என் சித்தி மகன் ஓட்டினான். முன் சக்கரம் அழகாக ஏறியது. பின் சக்கரம் ஏறி இரண்டடி போனதும் இடப்பக்கப் பலகை பின்னால் நழுவியது. மேல்முனை தட்டிலிருந்து விடுபட்டு, பக்கத்தில் நின்ற பையனின் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளித் தொப்பென்று விழுந்தது. இடப்பக்கச் சக்கரம் இறங்க, வண்டி முழுவதும் இடதுபக்கம் சாய்ந்தது. முன்னால் எதுவும் பிடித்து நிறுத்தவில்லை. கீழே நின்ற லாரி டிரைவர் அண்ணாச்சி, "மக்ளே, கிளச்ச மிதி! பிரேக்க தொடாத!" என்று கத்தினார். அவன் மிதித்தான். வண்டி உருண்டு தரைக்கு வந்து நின்றது.

பிரேக்கைத் தொடாதே என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் இடது பின் சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி பிரேக். பதற்றத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். பலகைமேல் அப்படித் திரும்பினால் நேரே கீழேதான்.

பலகை நழுவியதற்கும் காரணம் எளிது. எஞ்சின் சுழற்றும் சக்கரம் வண்டியை முன்னே தள்ளும்போது பலகையைப் பின்னே தள்ளும். மேலே பிடி இல்லாத பலகை நிற்காது. அன்று மாலையே வெல்டிங் பட்டறைக்குப் போனோம்.

இப்போது நான் வைத்திருப்பது மூன்று அயினி மரப் பலகைகள். ஓரப் பலகை இரண்டும் ஓரடி அகலம், 3 அங்குல கனம். நடுப்பலகை இரண்டடி அகலம். என் வண்டியின் முன் சக்கரங்கள் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு ஒரு முழத்துக்குள் அடங்கும், அதனால் அது போதும். நடுப்பலகையின் இரு ஓரத்திலும் ரீப்பர் அடித்திருக்கிறேன், சக்கரம் ஓரம் போனாலும் இறங்காது. மூன்றின் மேல்முனையிலும் இரும்பு ஆங்கிளை போல்ட் போட்டு, தட்டின் விளிம்பில் மாட்டும்படி கொக்கி வைத்தாயிற்று. மாட்டியபின் சங்கிலியாலும் கட்டுகிறேன். கீழ்முனை ஒரு சாண் பள்ளத்தில் உட்காரும். பலகைகளின் நடுவயிற்றுக்கு அடியில் ஒரு தடி முட்டு.

தென்னந்தடியைப் பிளந்து போடலாமே என்பார்கள். உருண்டைப் பக்கம் கீழே வந்தால் புரளும், நார் எப்போது விடும் என்று தெரியாது. எனக்கு ஒப்புதல் இல்லை.

ஓட்டாதீர்கள், இழுங்கள்

ஆள் உட்கார்ந்து ஓட்டி ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். ஏற்றத்தில் முன்னோக்கி ஓட்டும்போது பின் சக்கரத்தின் முறுக்கு முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அப்படியே மல்லாந்தால் ஓட்டுபவர் அடியில். வேறு வழியே இல்லையென்றால் ரிவர்ஸில் ஏற்றுங்கள், கனமான பக்கம் மேட்டில் இருக்கும்.

நான் பயன்படுத்துவது 2 டன் லீவர் செயின் பிளாக், கைப்பிடியை ஆட்ட ஆட்டச் சங்கிலியை இழுக்கும் கருவி. ட்ரெய்லரின் முன் சேசிஸில் ஒரு முனை, டிராக்டரின் முன் சட்டத்தில் தாழ்வாக மறுமுனை. ஸ்டியரிங் தண்டிலோ கிரில்லிலோ மாட்டாதீர்கள். முன் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கயிறுபோட்டுக் கட்டுங்கள். சின்னக் கல் தட்டினாலும் இந்த முன் சக்கரம் திரும்பிக்கொள்ளும். கியர் நியூட்ரல். ஒரு இழுப்பில் ஒன்றரை மீட்டர்தான் வரும், மூன்று நான்கு முறை மாற்றி மாட்டவேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அப்புறம்தான் கொக்கியைக் கழற்றுவது. கட்டை வைப்பவர் பக்கவாட்டில் நின்று நீளக் கம்பால் தள்ளவேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. நைலான் கயிற்றால் இழுக்காதீர்கள், அது நீண்டு நீண்டு கடைசியில் அறுந்தால் சாட்டைபோல் வீசும்.

நிறுத்துவதும் கட்டுவதும்

பின் சக்கரம் ட்ரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வரும்வரை இழுங்கள். இழுவைக் கொக்கியில் கொஞ்சம் பாரம் இருக்கவேண்டும். பாரம் பின்னால் விழுந்தால் ஓடும்போது ட்ரெய்லர் வாலாட்டும். கட்டுவதற்கு 8 மி.மீ. கிரேடு 80 சங்கிலி நாலு, ஒவ்வொன்றும் 2 டன் தாங்கும். முன் சங்கிலி இரண்டும் நடுச்சட்டத்திலிருந்து தட்டின் இரு மூலைக்கும் விரிந்து போகவேண்டும். சாயாமல் பிடிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. பின்னால் அச்சு உறையிலிருந்து இரண்டு. கியரில் போட்டு, பெட்ரோல் குழாயை மூடி, புகைக்குழாய்க்கு ஒரு பால்பவுடர் டின்னைக் கவிழ்த்துவிடுங்கள். 3 கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சங்கிலியைத் தொட்டுப் பாருங்கள். வேர்கிளம்பியில் நான் பார்த்தபோது இரண்டு தளர்ந்திருந்தன.

பின்சேர்க்கை

ஜேசிபி வைத்துத் தூக்கினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கூடாது. ஒரே பட்டையில் தொங்கும் வண்டி சுழலும், சுழலும் வண்டியைக் கையால் பிடிக்க ஆள் ஓடுவார். தட்டு முழுவதும் சாயும் ரெக்கவரி வண்டி வாடகைக்குக் கிடைத்தால் அதை எடுங்கள், நடுவில் இடைவெளி என்ற பிரச்சினையே அங்கு கிடையாது.

இன்னொருவர் ஏற்றியபின் இறக்கும்போது மாட்டிக்கொண்டார். இறக்கும்போதும் மூன்று பலகை, பின் முட்டு எல்லாம் அப்படியே வேண்டும். கட்டுச் சங்கிலியை அவிழ்க்கும் முன்பே செயின் பிளாக்கை மாட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் உருளவிடாதீர்கள். லீவரை இறக்கும் பக்கம் மாற்றி, ஒவ்வொரு கண்ணியாக விடுங்கள். தோவாளையில் நான் இறக்க முக்கால் மணி நேரம் ஆனது.

பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள், இதை முதலில் எழுத விட்டுவிட்டேன். ஒரு டயரிலேயே 100 கிலோவுக்கு மேல் கூடும். வால்வைக் கீழே கொண்டுவந்து ஊசியைக் கழற்றினால் பெரும்பகுதி வடிந்துவிடும்.