ஓடும் பட்டையும் கொதிக்கும் சட்டியும்

கொதிக்கும் சாற்றில் இறைச்சியையும் காய்கறிகளையும் மேசையிலேயே வேகவைத்து உண்பதுதான் சீனர்களின் ஹாட்பாட். இதைத் தட்டுகளைச் சுமந்து சுற்றிவரும் சுழல் பட்டையுடன் (கன்வேயர் பெல்ட்) இணைத்த உணவகங்களில் ஒவ்வொருவர் முன்பும் ஒரு சிறிய சட்டி தனி அடுப்பில் இருக்கும்; வேகாத பொருள்கள் வைத்த தட்டுகள் பட்டையில் ஊர்ந்து வரும். பட்டையை உணவகத்துக்குள் கொண்டுவந்த பெருமை ஜப்பானின் சுஷிக்கு உரியது. பீர் ஆலையில் புட்டிகள் நகர்வதைக் கண்ட யோஷியாகி ஷிராய்ஷி 1958இல் அத்தகைய சுஷிக் கடையைத் தொடங்கினார்.

உட்காரும்போதே கட்டண முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் தட்டின் நிறத்தைப் பொறுத்து விலை. சில இடங்களில் ஒரே கட்டணத்துக்கு வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றாலும், நேர வரம்பும் மீதம் வைத்தால் கூடுதல் தொகையும் இருக்கக்கூடும்.

முதன்முறை செல்பவருக்குக் காளான் சாறோ தக்காளிச் சாறோ போதும். நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும் வற்றல் மிளகாயும் சேர்ந்த ‘மாலா’ சாற்றை எடுத்தால், கீரைகளை அதில் போடாதீர்கள். மேலே மிதக்கும் கார எண்ணெயை அவை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

கண்ணில் படுவதையெல்லாம் எடுத்து ஒரே நேரத்தில் சட்டியில் கொட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கொதி அடங்கிவிடும்; எது வெந்தது, எது வேகவில்லை என்பதும் தெரியாமல் போகும். விட்ட தட்டு பெரும்பாலும் மறுசுற்றில் வந்துவிடும் என்பதால் பதற்றம் வேண்டாம். முள்ளங்கி, சோளம், காளான் ஆகியவற்றை முதலில் போட்டால், அவை மெல்ல வேகும்போதே சாற்றுக்கும் சுவை ஏறும். சாறு நன்றாகத் தளதளவெனக் கொதிக்கும்போது, தாள்போல் சீவிய மாட்டிறைச்சியையோ ஆட்டிறைச்சியையோ இரண்டு மூன்று துண்டுகளாக இட்டு, சிவப்பு நிறம் முழுதும் மாறியவுடன் எடுத்துவிடுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, தாமதித்தால் ரப்பர் போலாகிவிடும். கோழிக்கறிக்கு இந்த அவசரம் ஆகாது, உட்புறமும் வெந்திருக்க வேண்டும். உறைந்த மீன் உருண்டைகள் மேலே மிதந்த பிறகும் ஓரிரு நிமிடம் கொதிக்கட்டும்.

வேகாத இறைச்சியைத் தொட்ட இடுக்கியையோ குச்சிகளையோ வாயருகே கொண்டுபோகாதீர்கள். உண்பதற்கு வேறு குச்சிகள் இருக்கட்டும்.

தொட்டுக்கொள்ள எள் விழுதுடன் பூண்டு, கொத்தமல்லி, சிறிது சோயா சாஸ் கலந்தால் எதற்கும் பொருந்தும். சூடான துண்டை அதில் தோய்த்தால் ஆறவும் செய்யும்.

நூடுல்ஸின் மாவு சாற்றைக் கெட்டியாக்கி அடிப்பிடிக்க வைக்கும். எனவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சாறு வற்றி உப்புக் கூடியிருக்கும் என்பதால், பணியாளரிடம் சிறிது வெறும் சாறு கேட்டு வாங்கி ஊற்றி, மீண்டும் கொதித்த பிறகே நூடுல்ஸைப் போடுங்கள்.