ஓங்கிலும் சுறாவும்: கரையில் புது ஆட்கள் செய்யும் தவறுகள்

கரையொதுங்கும் கடல் விலங்குகளைக் கவனிக்க தூத்துக்குடி, மணப்பாடு கரைகளில் எங்களோடு நடக்க வரும் புதிய தன்னார்வலர்கள் செய்யும் பிழைகள் மாறவே மாட்டேன் என்கின்றன. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். ஓங்கில் (டால்பின்) பாலூட்டி, சுறா மீன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தும் பதற்றத்தில் கை வேறு மாதிரி வேலை செய்கிறதே, அதுதான் சிக்கல்.

துடுப்பைப் பார்த்ததும் "சுறா!" என்று கத்துவது

கொஞ்சம் பொறுங்கள். ஓங்கில் மூச்சு விட மேலே வரும், அதனால் துடுப்பு எழுந்து, வளைந்து, மறையும். சுறாவின் துடுப்பு பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நீரைக் கிழித்துப் போகும். பின்னால் வால் நுனி தெரிந்தால் அது இடமும் வலமும் ஆடும். ஓங்கிலின் வால் அடிப்பது மேலும் கீழுமாக. மன்னார் வளைகுடாவில் ஓங்கிலுக்கு உறவான, முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றியும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

"ஓங்கில் இருந்தால் சுறா வராது"

வரும். இரண்டுக்கும் இரை ஒரே மீன் கூட்டமாக இருக்கலாம்.

குட்டி இருந்தால் ஓங்கில் என்று முடிவு கட்டுவது

கொம்பன் சுறாவும் குட்டிதான் போடும். பால் கொடுக்காது, அவ்வளவுதான்.

தலையில் தண்ணீர் ஊற்றுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒருமுறை ஓங்கில் ஒன்று உயிரோடு ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. நாங்கள் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் குடம் குடமாக அதன் உச்சந்தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "வாயைத் திறக்குதுண்ணே, தண்ணி கேக்குது" என்றார்.

அந்த உச்சியில்தான் பிறை வடிவில் அதன் மூச்சுத்துளை இருக்கிறது. சும்மா இருக்கும்போது இறுக மூடியிருக்கும். திடீரென்று 'ப்பூ' என்று திறந்து, காற்றைத் தள்ளி, புதுக் காற்றை இழுத்து மூடிக்கொள்ளும். எல்லாம் ஒரு நொடிக்குள். அந்த நேரம் பார்த்து நீர் விழுந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர் இல்லாமல் தவிப்பது செவுள் வழியே மூச்சு விடும் சுறா. ஓங்கிலோ வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் கடலுக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்.

கரையில் ஓங்கிலை வதைப்பது சூடும் அதன் சொந்த எடையும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். கடல் தாங்கிய உடம்பு மணலில் நுரையீரலை அமுக்கும். அதனால் தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் முதுகிலும் துடுப்புகளிலும் வாலிலும். ஈரத்துணி போர்த்துங்கள், மூச்சுத்துளையை விட்டுவிட்டு. வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிப் பள்ளம் விடுங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, முதுகெலும்பு போய்விடும்.

அன்றைக்கு கால்நடை மருத்துவர் வருவதற்குள் அது செத்துவிட்டது. ஏற்கெனவே நோயோடு ஒதுங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் கடைசி நேரத்தில் அதற்குக் கிடைத்த கொஞ்சக் காற்றையும் நாம்தான் அடைத்தோம். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் நடப்பதால் யாரும் தடுப்பதும் இல்லை.

கடலுக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்பது

2016 ஜனவரியில் மணப்பாட்டுப் பக்கம் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையொதுங்கின. பெயர் திமிங்கலம் என்றாலும் அவை ஓங்கில் குடும்பம்தான். மீனவர்கள் படகில் இழுத்துப்போய் விட்டும், சில திரும்பக் கரைக்கே வந்தன. அவை கூட்டத்தை விட்டுப் பிரியாத விலங்குகள். வனத்துறையும் மருத்துவரும் வரும்வரை காத்திருங்கள். விட்ட பிறகும் கரையைக் கவனியுங்கள்.

செல்ஃபி

வேண்டாம்.

செத்ததுதானே என்று தொடுவது

கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அதன் நோய்க்கிருமிகள் நமக்கும் ஒட்டலாம். நீளம் அளந்து, படம் எடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கில் இருக்கிறது. ஞாபகத்துக்கு ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் வழக்குதான்.