இனக்கதாத்தே நெல்வயல் ஓவியம்: முதல் முறை போகிறவருக்கு

வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரு பக்கம் கருஞ்சிவப்பாகப் பயிர், பக்கத்திலேயே மஞ்சளாகப் பயிர், சுற்றிலும் பச்சை. விதை நெல்லில் கலப்படம் நடந்துவிட்டது என்றுதான் தோன்றும். அதே வயலை உயரத்தில் ஏறிப் பார்த்தால் ஒரு முகம் உங்களைத் திரும்பிப் பார்க்கும். ஜப்பானியர் இதைத் 'தம்போ ஆர்ட்' என்கிறார்கள். தம்போ என்றால் நெல்வயல். பல ஊர்களில் இன்று இது உண்டு. ஆனால் முதல் பயணத்துக்கு, இதைத் தொடங்கி வைத்த இனக்கதாத்தே கிராமத்தையே சொல்வேன். ஹொன்ஷு தீவின் வடகோடியில், அவோமோரி மாகாணத்தில் இருக்கிறது.

படி 1: நாளைக் குறியுங்கள்

விமான டிக்கெட்டுக்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும். நடவு மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் நடக்கிறது. ஜூனில் போனால் தண்ணீரில் நாற்று நிற்பதைத்தான் பார்ப்பீர்கள். பயிர் தூர் கட்டி, இடைவெளி மூடி, நிறங்கள் பளிச்சென்று பிரிந்து தெரிவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கதிர் பழுக்கப் பழுக்கப் படம் மங்கிவிடும். அந்த மங்கலையும் ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், அது இரண்டாம் பயணத்துக்கு ஆகட்டும்.

ஒரு சிக்கல்: ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவோமோரி நகரில் நெபுத்தா, ஹிரோசாகி நகரில் நெப்புத்தா என்று பெரிய விளக்குத் திருவிழாக்கள் நடக்கும். விழாவையும் சேர்த்துப் பார்க்கலாம்தான், ஆனால் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. என் தேர்வு ஜூலை கடைசி வாரம். குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் அதுவரை இழுக்கக்கூடும்.

படி 2: ஹிரோசாகி போய்ச் சேருங்கள்

டோக்கியோவிலிருந்து ஹயாபுசா புல்லட் ரயிலில் ஷின்-அவோமோரிக்குச் சுமார் மூன்று மணி நேரம். எல்லா இருக்கையும் முன்பதிவு. அங்கிருந்து ஜப்பான் ரயில்வேஸின் (ஜேஆர்) ஓவு பாதையில், வயலுக்கான ரயில் புறப்படும் ஹிரோசாகி. இரவு அங்கேயே தங்குவது நல்லது.

படி 3: சரியான நிலையத்தில் ஏறுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கோனான் ரயில்வேக்கு இரண்டு பாதைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது குரோயிஷி போகும் கோனான் பாதை. அது ஜேஆர் ஹிரோசாகி நிலையத்தை ஒட்டியே புறப்படுகிறது. ஓவானி பாதை கிளம்புவதோ சூவோ-ஹிரோசாகி என்ற வேறொரு நிலையத்திலிருந்து. பெயரில் ஹிரோசாகி இருக்கிறதே என்று அங்கே போய் நின்றுவிடாதீர்கள். இது தனியார் ரயில் என்பதால் ஜேஆர் பாஸ் செல்லாது, சில்லறை வைத்திருங்கள்.

இறங்க வேண்டியது 'தம்போ ஆர்ட்' நிலையம். வயலைப் பார்க்க வருகிறவர்களுக்காகவே 2013-இல் திறந்தார்கள். அதிகாலையிலும் இரவிலும் ரயில்கள் அங்கே நிற்காமல் போகும், குளிர்காலத்தில் நிற்பதே இல்லை. கால அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு வயல்களையும் பாருங்கள்

நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது இரண்டாம் வயல். அங்குள்ள கோபுரத்திலிருந்து பார்க்க வேண்டும். கூழாங்கற்களை அடுக்கி வரைந்த முகங்களும் அங்கே உண்டு. முதலாம் வயல் கிராம அலுவலகத்தை ஒட்டியது. அலுவலகக் கட்டடமே கோட்டை வடிவத்தில் இருக்கும். வரிச் சீட்டு வாங்க வருகிறவரும் படம் பார்க்க வருகிறவரும் நுழைவது அந்தக் கோட்டைக்குள்தான்! இரண்டுக்கும் இடையே, பருவத்தில், வண்டி விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். நேரம் போதவில்லை என்றால் கோட்டையை விட்டுவிடாதீர்கள்.

படி 5: மேலே ஏறிய பிறகு

ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டாம். முதலில் நிறங்களைக் கவனியுங்கள். சாயம் எதுவும் பூசியதில்லை. ஊதா, மஞ்சள், வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு என்று இலையும் கதிரும் வெவ்வேறு நிறம் காட்டும் நெல் ரகங்கள் அவை. பின்னணிப் பச்சை சாதாரண சாப்பாட்டு நெல். 1993-இல் தொடங்கியபோது இருந்தவை மூன்று நிறங்கள், படம் ஊரிலிருந்து தெரியும் இவாகி மலை. ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள நெல்வயல் தடங்கள் அகழாய்வில் கிடைத்த ஊர் அது. அந்தப் பெருமையைச் சொல்லி ஆள் வரவழைக்கத்தான் கிராம அலுவலகம் இந்த யோசனைக்கு வந்தது.

அடுத்து, உருவங்களின் அளவு. 2003-இல் மோனாலிசாவை நட்டார்கள். தாளில் சரியாக இருந்த படம் வயலில் காலை வாரியது: சாய்ந்த கோணத்தில் பார்ப்பதால் அருகே இருக்கும் பகுதி பெருத்து, தலை சிறுத்து, அம்மணி இடுப்புக்குக் கீழே பூதாகரமாகத் தெரிந்தாள். அதிலிருந்து, கோபுரத்தில் நிற்பவர் கண்ணுக்குச் சரியாக வரும்படி படத்தை முன்கூட்டியே இழுத்து நீட்டித்தான் வரைகிறார்கள். நேர் மேலிருந்து எடுத்த புகைப்படத்தில் உருவங்கள் கோணலாக இருப்பது அதனால்தான். நட்டவர்கள் பிழை என்று நினைக்காதீர்கள். 2022-இல் மோனாலிசாவை மறுபடி நட்டார்கள், இந்த முறை உடம்பு அளவாக.

கடைசியாக, இறங்கி வரப்புக்குப் போய் அதே இடத்தைப் பாருங்கள். ஏறுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று பார்த்தால்தான், முளை அடித்து எல்லை பிரித்து ஒவ்வொரு நாற்றாகக் கையால் நட்ட ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் வேலை பிடிபடும். வயலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

மதியம் பசித்தால் திரும்ப ஹிரோசாகி ஓட வேண்டாம். வந்த திசையிலேயே மேலே போகும் ரயிலைப் பிடித்துக் கடைசி நிலையமான குரோயிஷியில் இறங்குங்கள். வறுத்த யாகிசோபா நூடுல்ஸின் மேல் சூடான குழம்புநீரை ஊற்றித் தருவார்கள். சைவம் என்றால் மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.