பிள்ளையின் தொற்றுச் சிரங்குக்கு அன்ரிபயோட்டிக் மருந்தைச் சரியாகப் பயன்படுத்தும் முறை

மூக்கடியிலோ வாயோரத்திலோ சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, தேன் உறைந்தாற்போல மஞ்சள் பொருக்குக் கட்டினால், அது பெரும்பாலும் இம்பெற்றிகோ எனப்படும் தொற்றுச் சிரங்காகவே இருக்கும். ஸ்ரபிலோகொக்கஸ், ஸ்ரெப்ரோகொக்கஸ் ஆகிய பக்ரீரியாக்கள் நுளம்பு கடித்த இடத்தையோ சொறிந்த காயத்தையோ வழியாக்கிக் கொண்டு தோலுக்குள் புகுவதால் வரும் இந்நோய், 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. கொப்புளிப்பான் என்றெண்ணி வேப்பிலை தடவிக் காத்திருப்பது வீண்.

முதலில் குடும்ப வைத்தியரிடமோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இரவில் வீட்டிலுள்ள பலருக்கும் கடி (அரிப்பு) இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அடியில் சொறிநோய் இருக்குமானால், அதையும் சேர்த்துத் தீர்க்காமல் சிரங்கு மட்டும் மாறாது.

புண் ஓரிரண்டே என்றால் 2% மியூபிரோசின் அல்லது பியூசிடிக் அசிட் களிம்பை நாளுக்கு மூன்று தடவை, 5 நாட்களேனும் பூசுமாறு சொல்வார்கள். பலர் தவறுவது பூசும் இடத்தில்தான்: பொருக்கின் மேலேயே தடவினால் மருந்து கிருமியைச் சென்றடையாது. கொதித்தாறிய கிணற்று நீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, பொருக்கின் மேல் சில நிமிடங்கள் வைத்து, அது ஊறி இளகியதும் மெல்ல ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பின் மெல்லிதாகப் பூசி, கோஸ் துணியால் மூடி, முன்னும் பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பெற்றாமெதசோன் என்னும் ஸ்ரெரொயிட் களிம்பைத் தொடவே வேண்டாம். சிவப்பு தணிவதுபோலத் தோன்றும், தொற்றோ உள்ளே பரவும்.

புண்கள் பல இடங்களில் இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ, வாயால் எடுக்கும் குளொக்சசிலின் அல்லது செபலெக்சின் வழக்கமாக 7 நாட்களுக்குத் தரப்படும். குளொக்சசிலினை வெறும் வயிற்றில், அதாவது உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன் அல்லது இரண்டு மணித்தியாலம் பின் கொடுக்க வேண்டும். அளவு பிள்ளையின் நிறைக்கேற்ப மாறுவதால் அண்ணனின் மருந்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளே புண் காய்ந்துவிட்டது என்று நிறுத்தவும் கூடாது.

கிணற்றடியில் ஒரே துவாயால் எல்லாப் பிள்ளைகளையும் துடைத்துவிடும் நம் வழக்கத்தை இந்த நாட்களிலாவது நிறுத்தி, துவாயையும் தலையணை உறையையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். நகங்களையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். மருந்து தொடங்கி 24 மணித்தியாலம் கடந்து, புண்ணும் மூடியிருந்தால் முன்பள்ளிக்கு அனுப்பலாம்.

மூன்று நாளாகியும் குறையவில்லையெனில் மீண்டும் காட்டுங்கள். புண் ஆறிய சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அது ஸ்ரெப்ரோகொக்கஸ் தொற்றைத் தொடர்ந்து வரும் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம் என்பதால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.